எட்டு மணி நேரமும் பஞ்சப்படியும்

ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் வாக்கில் ஒரு தடவை, அக்டோபர் வாக்கில் ஒரு தடவை, என் பெரியம்மா மகன் அண்ணன் தவறாமல் வீட்டுக்கு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்.

"என்ன தம்பி, உங்களுக்குப் படி ஏறிடுச்சாமே? பேப்பர்ல போட்டிருக்கான்."

"ஆமாண்ணே" என்பேன். எத்தனை சதவீதம் என்று கேட்க மாட்டார். "அரிசிக்கடைக்காரரும் அதே பேப்பரைத்தான் படிக்கிறாரு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, காப்பியை வாங்கிக்கொள்வார். அந்தச் சிரிப்பில் பொறாமை கிடையாது. ஆனால் எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

நாங்கள் இருவரும் 1971-ல் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் நம் ஊர்ப் பஞ்சாலை ஒன்றில் தறி ஓட்டப் போனார். நான் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். இன்று இருவரும் ஓய்வூதியக்காரர்கள். அவருடைய ஓய்வூதியம் 2007-ல் 1,700 ரூபாய்ச் சொச்சம். இன்றைக்கும் அதே 1,700 ரூபாய்ச் சொச்சம். என்னுடையது நான் ஓய்வுபெற்ற நாளிலிருந்து எத்தனையோ முறை ஏறிவிட்டது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோதுதான் இந்தக் கட்டுரை பிறந்தது. இதைச் சொல்வதற்கு நம் ஊரின் பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

புதுச்சேரியின் மூன்று ஆலைகளை நம் வயதுக்காரர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. சவானா மில், ரோடியர் மில், கப்ளே மில். பின்னாளில் சுதேசி, ஏ.எஃப்.டி., பாரதி என்று பெயர் மாறினாலும், முதலியார்பேட்டைப் பெரியவர்கள் வாயில் கடைசிவரை பழைய பெயர்கள்தான். இவற்றில் சவானாதான் மூத்தது, 1820-களின் கடைசியில் தொடங்கியது. ரோடியர் 1898-ல் வந்தது. நம் ஊரில் அவுரிச் சாயம் தோய்த்த 'கினே' என்ற நீலத்துணி கப்பலேறி செனகல் நாட்டுக்குப் போகும். அங்கே ஆற்றங்கரை வியாபாரிகள் பிசின் வாங்க அந்தத் துணியையே பணம்போலக் கொடுத்தார்களாம். நம் நெசவாளி நெய்த துணி எங்கோ ஒரு கண்டத்தில் பணமாகச் செல்லுபடியானது. நெய்தவருக்குக் கிடைத்ததோ அணாக்கணக்கில் கூலி.

1930-களில் அந்த ஆலைகளில் வேலை நேரம் என்று ஒன்று இருந்ததாகச் சொல்வதற்கில்லை. விடியுமுன் சங்கு ஊதும், இருட்டிய பிறகு வீடு. பெண்களும் பிள்ளைகளும் இரவிலும் வேலை செய்தார்கள். 1935 பிப்ரவரியில் சவானா ஆலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தோழர் வ. சுப்பையா தலைமையில் தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். 1936 ஜூலையில் தொழிலாளர்கள் வெளியே வராமல் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஜூலை 30-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள்.

இங்கே ஒரு சொந்த விஷயம். நானும் அண்ணனும் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள். எங்கள் வரலாற்றுப் பாடத்தில் 1936 உண்டு. பாரிஸில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தது, லெயோன் புளூம் பிரதமரானார், தொழிலாளர்கள் தொழிற்சாலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள், ஜூன் மாதம் மத்தின்யோன் மாளிகையில் ஒப்பந்தம் கையெழுத்தானது, கூலி ஏழிலிருந்து பதினைந்து சதவீதம்வரை உயர்ந்தது, வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலை, இரண்டு வாரச் சம்பளத்தோடு விடுமுறை. எல்லாம் மனப்பாடம். ஆனால் அந்த ஜூனுக்கு அடுத்த ஜூலையில், நாங்கள் உட்கார்ந்திருந்த வகுப்பறையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், அதே பிரெஞ்சுக் கொடியின்கீழ் பன்னிரண்டு பேர் செத்தது அந்தப் புத்தகத்தில் கிடையாது. அதை எனக்குச் சொன்னவர் அண்ணனின் அப்பா, என் பெரியப்பா. அவரும் ஆலைத் தொழிலாளிதான். "அன்னைக்குக் காலையில நான் உள்ள இருந்தேன்" என்று ஆரம்பிப்பார். அதற்கு மேல் பேச மாட்டார்.

அந்த உயிர்களுக்குப் பிறகுதான் பாரிஸ் அசைந்தது. சுப்பையா பிரான்சுவரை போய்ப் பேசினார். 1937 ஏப்ரல் 6-ஆம் தேதி ஆணை பிறந்தது. நாளைக்கு எட்டு மணி நேர வேலை, சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமை, பெண்களையும் பிள்ளைகளையும் இரவு வேலையில் அமர்த்தத் தடை. ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேரம் வாங்கியது நாம்தான் என்று நம் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். ஆசியாவை விடுங்கள், பக்கத்திலிருந்த கடலூரைப் பாருங்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் 1934-ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைத் தொழிலாளியிடம் நாளைக்குப் பத்து மணி நேரம்வரை வேலை வாங்க அனுமதித்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு அங்கே 1946-ல்தான் வந்தது. ஒன்பது ஆண்டுகள் நாம் முந்தி.

எட்டு மணி நேரம் என்பது எழுதி வைத்தால் எட்டு மணி நேரமாகவே இருக்கும். 1937-ல் இருந்த கடிகாரம்தான் இன்றும். ஆனால் கூலி அப்படி இல்லை. எழுதி வைத்த தொகை காகிதத்தில் அப்படியே இருக்கும், கடையில் கரைந்துவிடும். பிரான்சிலேயே அதுதான் நடந்தது. 1936 ஜூனில் கூலி ஏறியது. அக்டோபரில் பிராங்கின் மதிப்பைக் குறைத்தார்கள். விலைகள் ஏறின. ஜூனில் தொழிலாளி வாங்கியதில் பெரும்பகுதியை அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொண்டார்.

நம் ஊரில் அந்தப் பாடத்தை உலகப் போர் கற்றுக்கொடுத்தது. 1939-ல் போர் தொடங்கியது. அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் இந்தியாவின் மொத்த விலைவாசி இரண்டு மடங்கைத் தாண்டியது. பிரிட்டிஷ் இந்தியா சூழ்ந்த சின்ன ஊர் நம்முடையது. அங்கே ஏறினால் இங்கே ஏறாமல் இருக்குமா? மண்ணெண்ணெய்க்கு வரிசை, துணிக்கு வரிசை. எட்டு மணிக்குச் சங்கு ஊதி வீட்டுக்கு வந்த தொழிலாளி, மீதி நேரத்தை ரேஷன் வரிசையில் நின்று கழித்தார் என்று பெரியம்மா சொல்லுவார்.

இந்த இடத்தில்தான் பஞ்சப்படி வருகிறது. பெயரைக் கவனியுங்கள். பஞ்ச காலத்துக்குக் கொடுக்கிற படி. இன்றைய அரசாணைகளில் அகவிலைப்படி என்று எழுதுகிறார்கள். அகவிலை என்றாலும் தானிய விலைதான். படி என்பதோ அரிசி அளக்கிற படியையும் நினைவுபடுத்துகிறது. சம்பளம் என்ற சொல்லே சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து வந்தது என்பார் உண்டு. பிரெஞ்சில் சம்பளத்துக்கு 'சலேர்' என்று பெயர். அது உப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எந்த ஊர்க்காரனும் கூலியைக் காசாகப் பார்க்கவில்லை, சோறாகத்தான் பார்த்திருக்கிறான். காசைச் சோற்றின் அளவுக்குச் சரிசெய்துகொண்டே போக வேண்டும் என்பதுதான் பஞ்சப்படியின் பின்னால் இருக்கும் எண்ணம்.

இதற்காகவும் போராட வேண்டியிருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் அகமதாபாத் ஆலைகளில் பிளேக் நோய்க்குப் பயந்து தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடாமலிருக்க 'பிளேக் போனஸ்' கொடுத்தார்கள். நோய் தணிந்ததும் முதலாளிகள் அதை நிறுத்தினார்கள். ஆனால் விலைவாசி தணியவில்லை. தொழிலாளர்கள் ஐம்பது சதவீத உயர்வு கேட்டார்கள், முதலாளிகள் இருபது என்றார்கள். காந்தி கணக்குப் போட்டு முப்பத்தைந்து நியாயம் என்றார். 1918-ல் அவர் உண்ணாவிரதம் இருந்த வேலைநிறுத்தம் அதுதான். சென்னையில் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்களுக்காக வாடியாவும் திரு.வி.க.வும் சங்கம் கண்டதும் அதே 1918-ல்தான். அந்த ஆண்டு அரிசி விலை சென்னை மக்களைத் தெருவுக்கு இழுத்து வந்த ஆண்டு.

இரண்டாம் போர் முடிந்தபோது பஞ்சப்படி என்பது சம்பளத்தின் ஓரத்தில் ஒட்டிய துண்டாக இல்லை. 1947-ல் வரதாச்சாரியார் தலைமையிலான முதல் சம்பளக் கமிஷன் கடைநிலை ஊழியருக்கு நிர்ணயித்த தொகை 55 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 30, பஞ்சப்படி 25. கிட்டத்தட்டப் பாதி! தற்காலிகமாக வந்த விருந்தாளி, வீட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டார்.

1962-ல் சட்டப்படி நாம் இந்தியாவோடு இணைந்தோம். நான் சேரும்போது எழுத்தர் பணிக்குச் சம்பள விகிதம் 110–180. அதோடு பஞ்சப்படி. அந்தக் காலத்தில் என் கைக்கு வந்ததைவிட அண்ணன் கைக்கு வந்தது ஐம்பது அறுபது ரூபாய் அதிகம். வருஷாவருஷம் போனஸ் வேறு. தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவர்தான் பட்டாசு வாங்கித் தருவார். மில்காரர் என்றால் கடைத்தெருவில் கடன் கேட்காமலே கொடுப்பார்கள். பெண் கொடுக்கவும் போட்டி. குமாஸ்தாவுக்குப் பெண் தேட என் அம்மா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்போது ஆலைகளிலும் பஞ்சப்படி இருந்தது. தென்னிந்தியப் பஞ்சாலைகள் பலவற்றில் விலைவாசிக் குறியீட்டெண் ஒரு புள்ளி ஏறினால் இத்தனை பைசா என்று கணக்கு. அண்ணன் அந்தப் புள்ளிக் கணக்கை என்னைவிட வேகமாகப் போடுவார்.

1973, 74 உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். மொத்த விலைகள் ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஏறிய ஆண்டுகள் அவை. மூன்றாவது சம்பளக் கமிஷனில் எங்கள் விகிதம் 260–400 ஆனது என்று மகிழ்ந்தோம். 1974 ஜூலையில் மத்திய அரசு ஒரு அவசரச் சட்டம் போட்டது. புதிதாக ஏறும் பஞ்சப்படியில் பாதியைக் கட்டாய வைப்பாகப் பிடித்துக்கொள்வார்கள். சம்பள உயர்வாக இருந்தால் முழுவதையும் பிடித்துக்கொள்வார்கள். மக்கள் கையில் பணம் அதிகம் புழங்குவதால்தான் விலை ஏறுகிறது என்பது காரணம். அந்தப் பிடித்தத்துக்கான பட்டியல்களை நானே என் கையால் எழுதினேன். என் பெயருக்கு நேரேயும் எழுதினேன்.

எந்தக் கணக்கை வைத்து இந்தப் படி ஏறுகிறது என்று பலருக்குத் தெரியாது. சிம்லாவில் தொழிலாளர் துறையின் கணக்கெடுப்பு அலுவலகம் இருக்கிறது. நாடு முழுவதும் குறிப்பிட்ட தொழில் நகரங்களின் கடைகளில் அரிசி, பருப்பு, எண்ணெய், துணி, பேருந்துக் கட்டணம் என்று விலை கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். வீட்டு வாடகையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்பார்கள். புதுச்சேரியும் அந்த நகரங்களில் ஒன்று. ஒரு ஆண்டை நூறு என்று வைத்துக்கொண்டு மாதாமாதம் எவ்வளவு ஏறியது என்று எண் போடுவார்கள். அந்த அடிப்படை ஆண்டு முன்பு 1960, பிறகு 1982, பிறகு 2001, இப்போது 2016. அந்தக் கூடையில் உணவின் பங்கு 2001 கணக்கில் 46 சதவீதம், 2016 கணக்கில் 39 சதவீதமாகக் குறைந்துவிட்டது. குறைவாகச் சாப்பிடுகிறோம் என்பதல்ல, மற்றச் செலவுகள் பெருத்துவிட்டன.

இந்தக் குறியீட்டெண்ணின் முழுப்பெயர் 'தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்'. யாருடைய வீட்டுச் செலவைக் கணக்கெடுக்கிறார்கள்? ஆலைத் தொழிலாளியின் வீட்டுச் செலவை. அதை வைத்து யாருக்குப் படி ஏறுகிறது? குமாஸ்தாவான எனக்கு. முப்பத்தொன்பது ஆண்டுகள் சம்பளப் பட்டியலும் நிலுவைப் பட்டியலும் எழுதிய எனக்கு இது ஓய்வுபெற்ற பிறகுதான் உறைத்தது. அண்ணன் வீட்டு அரிசி விலையைக் கேட்டு எழுதிக்கொண்டு போய், என் ஓய்வூதியத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

அண்ணனுடைய ஓய்வூதியம் 1995-ல் வந்த வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின்கீழ் வருவது. அதில் பஞ்சப்படி கிடையாது. ஓய்வுபெறும் நாளில் என்ன தொகையோ அதேதான் ஆயுள் முழுக்க. 2014-ல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். அண்ணனுக்கு அதைவிட அதிகம் வந்ததால் அந்த உயர்வும் இல்லை. மத்திய அரசு ஓய்வூதியத்தில் 2016 முதல் குறைந்தபட்சம் 9,000, அதற்கு மேல் படி. நம் ஊரில் மூன்றாவது வகை ஒன்றும் உண்டு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்த சொல்தாக்கள். அவர்கள் பென்ஷன் பிரான்சிலிருந்து வருகிறது. ஒரே தெருவில் சொல்தா வீடு, குமாஸ்தா வீடு, மில்காரர் வீடு மூன்றும் இருக்கும். மூவரும் ஒரே கடையில்தான் அரிசி வாங்க வேண்டும்.

2020-ல் கொரோனா வந்தபோது எங்கள் படியைப் பதினேழு சதவீதத்தில் நிறுத்தி வைத்தார்கள். பதினெட்டு மாதம் கழித்து, 2021 ஜூலையில் இருபத்தெட்டாக உயர்த்தினார்கள். இடைப்பட்ட காலத்து நிலுவை கிடைக்காது என்றார்கள். நான் அண்ணனிடம் ஆத்திரமாகப் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உனக்குப் பதினெட்டு மாசம் நின்னதுக்கே இப்படி ஆயிட்டியே தம்பி. எனக்கு நின்னு பதிமூணு வருஷம் ஆச்சு." அதற்குப் பிறகு அவரிடம் அந்தப் பேச்சை நான் எடுப்பதில்லை.

அந்த 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடுதான் ஏ.எஃப்.டி. ஆலையும் மூடப்பட்டது. 2011 கடைசியில் தானே புயல் அடித்த பிறகு அங்கே ஓட்டம் குறைந்தது. பிறகு பாதிச் சம்பளத்தில் லே-ஆஃப் என்று தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பாதிச் சம்பளம் என்பது சட்டம் வைத்த அளவு. அரிசி பாதி விலைக்கு விற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இப்போது ஏன் இந்தப் பழைய கணக்கு என்று கேட்பீர்கள். காரணம் அண்ணனின் பேரன். ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. நல்ல பிள்ளை. போன மாதம் வந்திருந்தான். காலை ஆறு மணிக்குப் போனால் மாலை ஆறு மணிக்குத்தான் வருவேன் என்றான். "எட்டு மணி நேரம்தானேடா சட்டம்?" என்றேன். "எட்டு மணி நேரத்துக்குள்ள சம்பளம் வாடகைக்கும் வண்டித் தவணைக்கும் சரியாப் போயிடும் சின்னத் தாத்தா. சாப்பாட்டுக்கு ஓ.டி. பார்த்தாத்தான் உண்டு. ஓ.டி. குடுக்கலைன்னா நாங்களே போய்க் கேட்டு வாங்குவோம்" என்றான். மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்பது சட்டம். கிடைக்கிறதா என்று கேட்டேன். சிரித்தான். அண்ணன் சிரிப்பேதான்.

எட்டு மணி நேரம் கரையாது, கூலிதான் கரையும் என்று மேலே எழுதியிருந்தேன். இந்தப் பையனின் பேச்சைக் கேட்டபிறகு அதைத் திருத்திக்கொள்கிறேன். கூலி கரைந்தால் எட்டு மணி நேரமும் கூடவே கரையும். யாரும் துப்பாக்கியைக் காட்டி அதைப் பறிக்க வேண்டியதில்லை. வாடகை ஏறும், கூலி நிற்கும், தொழிலாளி தானாகவே வந்து மிச்ச நான்கு மணி நேரத்தையும் விற்றுவிட்டுப் போவார். அவன் கொள்ளுத்தாத்தா ஆலைக்குள் உட்கார்ந்து வாங்கித் தந்ததை, கொள்ளுப்பேரன் வரிசையில் நின்று திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். விலையோடு சேர்ந்து ஏறாத கூலியின்மேல் எந்த உரிமையையும் நிறுத்தி வைக்க முடியாது. பஞ்சப்படியைச் சலுகை என்று பேசுகிறவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்.

ஜூலை 30 அன்று நானும் அண்ணனும் கடலூர் சாலைக்குப் போவோம். கட்சிக்காரர்கள் மாலை வைத்துவிட்டுக் கலைந்த பிறகு, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவது எங்கள் வழக்கம். இந்த ஆண்டு பேரனையும் கூட்டிப்போகலாம் என்று கேட்டோம். அன்றைக்கும் ஓ.டி. இருக்கிறதாம். வர முடியாது என்று சொல்லிவிட்டான்.